கேப்டன் யாரையும் விட்டுவிட்டு வரமாட்டார்

எல்லோரையும் தேடிப் பிடித்தவன் குட்டைதான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவனுக்கு அந்தப் பெயர். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு பேரும் ஓர் அணியாக இணையத்தில் துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் பழக்கம். அவனுடைய உயரம் தெரியவந்த நேரத்தில் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த அணியின் ஒரே பெண் அவள். அவளுக்குப் பெயர் பல்லி. எதிராளி எந்தச் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படுவான். பார்த்ததும் மைக்கில் நாக்கைத் தட்டி 'ட்ச்சு ட்ச்சு' என்று சத்தம் கொடுப்பாள். "பல்லி சொல்லிடுச்சு, படுங்கடா!" என்று குட்டை அலறுவான். மூன்றாவது ஆள் மாமா. அப்போதே கல்யாணமாகி, பல்செட் செய்யும் கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். ஆட்டம் சூடுபிடிக்கும்போது "இருங்கப்பா, வீட்டுல கூப்பிடறாங்க" என்று எழுந்து போய்விடுவார். அவருடைய வீரன் மைதானத்தின் நடுவில் மரம் மாதிரி நின்று அடி வாங்கிக்கொண்டிருப்பான்.

நான்காவது ஆள் கேப்டன். அந்த மாமாவைக்கூட இழுத்துக்கொண்டு வந்து காப்பாற்றுகிறவர். "நான் யாரையும் விட்டுட்டு வரமாட்டேன்" என்பார். சத்தம் போடாத, அவசரமே இல்லாத குரல். அந்தக் குரல் காதில் இருந்தால் தோற்றாலும் பயமிருக்காது.

ஒரே ஒரு தடவை அந்தக் குரல் அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. கொஞ்ச நாள் ஐந்தாவது ஆளாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் எதிர் அணிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு கேப்டனுக்கு ஆட்டத்தில் ஜெயிப்பது முக்கியமில்லாமல் போனது. அந்தப் பையன் எந்த ஆட்டத்தில் நுழைந்தாலும் இவரும் நுழைந்து, வேறு யாரையும் சுடாமல், அவனை மட்டும் தேடிப்போய்ச் சுட்டார். வாரக்கணக்கில் இது நடந்தது. கடைசியில் அவன் கணக்கையே அழித்துவிட்டு ஓடிவிட்டான். அன்றைக்கு எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவளும்தான்.

இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு குரல்களும் மறுபடி ஒன்று சேர்ந்தன.

"டேய் குட்டை, நிஜமாவே நீதானா?"

"நான்தான் பல்லி. இரட்டைக் குழந்தைக்கு அப்பன். தூங்கி எத்தனை மாசமாச்சுன்னு கேளு."

"மாமா, எப்படி இருக்கீங்க?"

"பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கேன்மா. நம்ப முடியுதா? நாம விளையாடறப்போ அஞ்சாங்கிளாஸ் படிச்சவ."

கேப்டன் எல்லோரையும் பேசவிட்டுவிட்டுக் கடைசியில்தான் பேசினார். ஏசி பழுது பார்க்கும் தொழில், சொந்தமாகவே நடத்துகிறார். மனைவி, ஒரு பெண் குழந்தை. "பாப்பாவுக்கு இப்பதான் நாலு வயசு முடிஞ்சுது. வீட்டுக்கு அவதான் இப்ப கேப்டன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்ற கணவன், "யாரு, உன் பட்டாளமா?" என்று கேட்டுவிட்டுத் தேநீரை வைத்துவிட்டுப் போனான்.

குழுவுக்குப் பழைய அணியின் பெயரையே வைத்தான் குட்டை. அதன் பிறகு படங்கள் வந்து குவிந்தன. இரட்டையர் குப்புற விழுந்தது. மாமாவின் மகள் நிச்சயப் புடவையில். அவள் மகன் முதன்முதலாகச் சீருடை போட்டுக்கொண்டு அழுதபடி பள்ளி வாசலில் நின்றது. அவள் புதிதாகக் குடிவந்த அடுக்குமாடியின் பால்கனி. கேப்டன் அனுப்பியது ரப்பர் தொட்டியில் தண்ணீர் அடிக்கும் பாப்பா, கன்னத்தில் கேக் அப்பிய பாப்பா, அப்பாவின் செருப்புக்குள் இரண்டு காலையும் விட்டு நிற்கும் பாப்பா. "இந்த வாரம் எடுத்தது" என்று ஒரு வரி எழுதுவார். மற்றவர்களின் படங்களையும் அவர்தான் அதிகமாகக் கவனிப்பார். "பையனோட பை அவனை விடப் பெருசா இருக்கே பல்லி. ஸ்கூல் பக்கமா, தூரமா?" என்று அக்கறையாக விசாரிப்பார். "நடக்கிற தூரம்தான் கேப்டன்" என்று அவள் பதில் போட்டாள்.

அவருடைய மனைவியை மட்டும் எந்தப் படத்திலும் காணோம். "அவளுக்கு போட்டோன்னா கூச்சம்" என்றார். அப்படிப்பட்டவர்கள் இல்லையா என்ன?

பழைய 'இது எங்கே' விளையாட்டை மறுபடி ஆரம்பித்ததும் கேப்டன்தான். அந்தக் காலத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவெளியில், மைதானத்தின் ஏதாவது ஒரு மூலையைப் படமெடுத்துப் போட்டு, இடத்தைச் சொல்லச் சொல்வார்கள். பல்லியை யாரும் ஜெயித்ததில்லை. இப்போது நிஜ ஊர்களின் படங்கள். ஒரு மாடிப்படி, ஒரு பெட்ரோல் பங்கின் கூரை, ஒரு பாலத்தின் அடிப்பக்கம். அவள் கண் பரிசோதகர். கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாளெல்லாம் மற்றவர்களின் கண்ணுக்குள் பார்க்கிற வேலை. மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கணினியில் செயற்கைக்கோள் வரைபடத்தை விரித்துத் தேடுவாள். ஒவ்வொரு முறை கண்டுபிடிக்கும்போதும் பழைய ரத்தம் துள்ளும். வீட்டு வேலை, கடை வேலை, மாமியாரின் மருந்து என்று ஓடுகிற வாழ்க்கையில், அவள் கெட்டிக்காரி என்று சொல்ல அங்கே மூன்று பேர் இருந்தார்கள்.

ஒருநாள் கேப்டன் ஒரு படம் போட்டார். நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஈரம் சொட்ட வரிசையாக நிற்கும் பிள்ளைகள். எல்லோருக்கும் ரப்பர் தொப்பி, நீச்சல் கண்ணாடி. கழுத்தில் பதக்கம். மூன்றாவதாக நிற்பவள் பாப்பா என்றார்.

"நாலு வயசுல நீச்சல் போட்டியா?" என்று மாமா கேட்டார்.

"புலிக்குட்டி மாமா அவ. அம்மாவும் பொண்ணும் போயிருக்காங்க. எந்த ஊருன்னு நான் சொல்லமாட்டேன். பல்லி, உன் கண்ணு இன்னும் அப்படியே இருக்கான்னு பாப்போம்."

படத்தின் நான்கு ஓரமும் வெட்டப்பட்டிருந்தது. குளத்துச் சுவருக்கு மேலே ஆரஞ்சு நிறத் தண்ணீர்த் தொட்டி, அதன் இடுப்பில் நீலப் பட்டை. தூரத்தில் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் நடைமேம்பாலத்தின் ஒரு முனை. "எங்க ஊர்ப் பக்கத்துத் தொட்டியெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்று குட்டை ஒரு வரி போட்டான். அது போதுமாக இருந்தது. அவன் ஊரிலிருந்து கிளம்பும் ரயில் பாதையை விரலால் பிடித்துக்கொண்டே போனாள். சாப்பாடு ஆறியது. மறுநாளும் தேடினாள். அடுத்த நாள் தொட்டி கிடைத்தது, மேம்பாலம் கிடைத்தது, பக்கத்தில் நீல நீளச்சதுரமாக நீச்சல் குளம். ஒரு பள்ளிக்கூடம். பெயரோடு, இடத்தில் குறி வைத்து, குழுவில் போட்டாள்.

கேப்டன் உடனே கூப்பிட்டார். "பல்லி, நீ பல்லிதான்!" அவர் குரல் நடுங்கியது. சந்தோஷம் என்று நினைத்தாள். "உனக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கேன்."

"அட, விளையாட்டுதானே கேப்டன்."

"ஆமா, விளையாட்டுதான்."

அதற்குப் பிறகு சில நாட்கள் அவரிடமிருந்து சத்தமில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில் புதுப் படம் வந்தது. 'பாப்பாவோட புது ஸ்கூல்' என்று எழுதியிருந்தார். பள்ளி வாசலுக்குள் நுழையும் ஒரு சிறுமி. ஒரு கணம் திரும்பிப் பார்த்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே, வலது கண்ணை மூடித் தோல் நிறத்தில் ஒட்டிய பட்டை.

அவளுக்குள் இருந்த பரிசோதகர்தான் முதலில் பேசினார். ஒரு கண்ணில் பார்வை மந்தமாக இருக்கும் பிள்ளைகளுக்கு, நல்ல கண்ணை மூடிவைத்து மந்தமான கண்ணுக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை அது. தினமும் காலையில் அந்தப் பட்டையை ஒட்டுவதற்குள் பெற்றோர் படுகிற பாடு அவளுக்குத் தெரியும். எத்தனை அம்மா அப்பாக்கள் அவள் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

கேப்டனைக் கூப்பிட்டாள். "சொல்லவேயில்லையே கேப்டன்? பாப்பாவுக்குப் பட்டை எத்தனை மணி நேரம் போடச் சொல்லியிருக்காங்க?"

"என்ன பட்டை?"

"கண்ணுல ஒட்டியிருக்கே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓ, அதுவா. சும்மா விளையாட்டுக்கு ஒட்டிக்கிட்டா."

பின்னால் எங்கோ வண்டிகளின் ஹாரன் கேட்டது. "அப்புறம் பேசறேன் பல்லி" என்று வைத்துவிட்டார்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எடுத்தவர் தெருவின் எதிர்ப்புறத்தில், காருக்குள் இருந்து எடுத்திருக்கிறார். படத்தின் மேல் கண்ணாடியின் பளபளப்பு படிந்திருந்தது. சிறுமிக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. போன மாதம் 'இந்த வாரம் எடுத்தது' என்று வந்த கேக் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அதே முகவாய், அதே காது மடல், அதே குழந்தைதான். ஆனால் கேக் அப்பிய பாப்பா அப்பாவின் இடுப்புக்குத்தான் எட்டுகிறாள். இந்தச் சிறுமி ஏழு வயதுக்காரி. எந்தக் குழந்தையும் ஒரே மாதத்தில் மூன்று வருஷம் வளராது.

வெளியே காத்திருந்தவரை இன்னும் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, மாமாவைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமாவின் பக்கம் பல்செட்டைத் தேய்த்து மெருகேற்றும் இயந்திரத்தின் சத்தம் ஓடி நின்றது.

"மாமா?"

"அம்மா, நான் ஒரு காரியம் பண்ணியிருக்கேன். திங்கக்கிழமை கேப்டன் போன் பண்ணினாரு. 'பொண்டாட்டிக்குப் பொறந்தநாள், திடீர்னு போய் நிக்கலாம்னு இருக்கேன், நான் கூப்பிட்டா குரல் தெரிஞ்சிடும், நீங்க பெரியவர் மாதிரி பேசுவீங்க'ன்னாரு. அந்த ஸ்கூலுக்கு போன் பண்ணி, நான் தாத்தா பேசறேன், பேத்தி எந்த வகுப்பு, எப்ப விடுவீங்கன்னு கேட்டுச் சொன்னேன்."

"சொன்னாங்களா?"

"முதல்ல சொல்லலை. நான் கொஞ்சம் குழைஞ்சு பேசினேன். அப்புறம் சொல்லிட்டாங்க. நான் ரொம்ப நல்லா நடிச்சேன்னு நினைச்சுக்கிட்டேன்மா."

குட்டையையும் அழைப்பில் சேர்த்தார்கள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "என் கார் அவர்கிட்டதான் இருக்கு" என்றான். நேற்று மாலை வந்து வாங்கிக்கொண்டு போனாராம். 'என் வண்டியைப் பார்த்தா அவ கண்டுபிடிச்சிடுவா, சர்ப்ரைஸ் போயிடும்' என்றாராம். இரட்டையர் இரண்டு பேரையும் மடியில் வைத்துக் கொஞ்சினாராம். குட்டையின் மனைவி, இப்படி ஒரு நல்ல மனுஷனா என்றாளாம்.

இடம் கண்டுபிடித்தது ஒருத்தி, உள்ளே விவரம் எடுத்தது ஒருவர், வண்டி கொடுத்தது ஒருவன். அந்தக் காலத்திலும் அவர் இப்படித்தான் வேலையைப் பிரித்துக் கொடுப்பார். யாருக்கும் முழு ஆட்டமும் தெரியாது.

"நான் கிளம்பறேன்" என்றான் குட்டை. "பைக்ல போனா ஒரு மணி நேரம். நீ ஸ்கூலுக்கு போன் பண்ணு."

பள்ளி அலுவலகத்தில் எடுத்த பெண் முதலில் எரிந்து விழுந்தார். "நீங்க யாரும்மா? தாத்தான்னு ஒருத்தர் பேசறாரு, அப்பான்னு ஒருத்தர் வந்து நிக்கிறாரு, இப்ப நீங்க."

"அப்பா வந்தாரா? எப்போ?"

"காலையில. பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும்னாரு. நாங்க அவங்க அம்மாவைக் கேக்காம யார்கூடவும் அனுப்பமாட்டோம். அது அவங்க சேர்க்கும்போதே சொல்லிவச்சது. சரி, பரவாயில்லைன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. நீங்க யாருன்னு சொல்லுங்க முதல்ல."

"எனக்கு அவரைத் தெரியும். அவர் போகலை. பக்கத்துலதான் இருப்பார். பிள்ளையோட அம்மாகிட்ட பேசணும், தயவுசெஞ்சு."

முணுமுணுப்பு கேட்டது. தொலைபேசி கை மாறியது. மூச்சு வாங்கும் வேறொரு பெண்ணின் குரல்.

"நான்தான் அம்மா. பேசுங்க."

கேப்டனின் மனைவியின் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். பள்ளியிலிருந்து தகவல் போனதும் அந்த அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். போலீசுக்கும் சொல்லியாகிவிட்டது, இன்னும் வரவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சான்?" என்று அந்த அம்மா கேட்டாள். "மூணு ஊர் மாறிட்டேன். எங்கேயும் ஒரு போட்டோ போட்டதில்லை. எப்படி?"

"நீச்சல் போட்டி படம் ஒண்ணு..."

"அது வேற ஒரு பிள்ளையோட அம்மா போட்டது. எடுத்துடுங்கன்னு கெஞ்சினேன், எடுத்துட்டாங்க. அதுல ஊர் பேர்கூட இல்லையே."

"இல்லை. படத்தை வச்சு நான்தான் இடத்தைக் கண்டுபிடிச்சுச் சொன்னேன். விளையாட்டுன்னு நினைச்சேன்."

வசவு வரும் என்று காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப எங்க நிக்கிறான்னு கண்டுபிடிப்பீங்களா?" என்றாள் அந்த அம்மா.

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, நம்பிக்கையும் இல்லை. தீ பிடித்த வீட்டில் எந்தப் பக்கம் கதவு என்று கேட்பதுபோல் இருந்தது.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க. போனை வச்சுடாதீங்க."

குழுவைத் திறந்தாள். எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன. அழித்து அழித்து எழுதினாள். 'கேப்டன், கடையில ஒரே தூக்கம். ஒரு படம் போடுங்க பாப்போம். இந்தத் தடவை என்னால முடியலைன்னா இனிமே பல்லின்னு கூப்பிடாதீங்க, கொசுன்னு கூப்பிடுங்க.' கூடவே ஒரு சிரிப்பு முகத்தையும் சேர்த்தாள்.

உடனே படித்துவிட்டார். பதில் வரவில்லை. அவள் கண் பரிசோதிக்கும் கருவியின் முன்னால், நோயாளிகள் மோவாயை வைக்கும் இடத்தில், தன் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

படம் வந்தது. காரின் முன்தட்டு, அதன் மேல் காகிதக் கோப்பை ஒன்று. முன் கண்ணாடியில் கொடி படர்ந்த ஒரு சுவரின் துண்டு. அவ்வளவுதான். 'இது ரொம்பக் கஷ்டம்' என்று எழுதியிருந்தார்.

சுவர் எந்த ஊரிலும் இருக்கும் சுவர். கோப்பை எந்த ஊரிலும் இருக்கும் கோப்பை. அவள் படத்தை விரித்துக்கொண்டே போனாள். இடது ஓரத்தில், பக்கக் கண்ணாடி கொஞ்சூண்டு உள்ளே வந்திருந்தது. அதற்குள் இரும்புப் படிக்கட்டின் அடிப்பகுதி. நடைமேம்பாலத்தில் ஏறும் படிக்கட்டு. மூன்று நாள் உற்றுப் பார்த்த வரைபடம் மனப்பாடமாக இருந்தது. படிக்கட்டு இறங்குவது பள்ளியின் பின்தெருவில்.

"பின்கேட்டுப் பக்கம் இருக்கார்" என்றாள் தொலைபேசியில். "அவரோட வண்டி இல்லை. வெள்ளைக் கார், நண்பனோடது." குட்டை சொல்லியிருந்த வண்டி எண்ணையும் சொன்னாள். "முன்பக்கமாப் போயிடுங்க. இப்பவே."

"பாப்பாவோட பை வகுப்புல இருக்கு" என்றது பின்னால் யாரோ ஒரு குரல்.

"பை கிடக்கட்டும்" என்றாள் அந்த அம்மா. பிறகு சின்னப் பிள்ளையின் குரல் ஒன்று எதையோ கேட்டது. "ஆமாண்டா கண்ணு, மறுபடியும்தான்" என்று அம்மா பதில் சொன்னது கேட்டது. இணைப்பு துண்டானது.

பள்ளியின் வேனில், ஆசிரியைகள் இரண்டு பேர் நடுவில் உட்காரவைத்து அவர்களை அனுப்பினார்கள் என்று அலுவலகப் பெண் பிறகு சொன்னார். எங்கே இறக்கிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்று மதியத்துக்குள், போலீஸ் வருவதற்கு முன்பே, குட்டை அந்தத் தெருவுக்குப் போய்விட்டான். கேப்டன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாராம். அவனைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"வண்டி வேணுமா குட்டை?"

"ஆமா கேப்டன்."

"இந்தா." சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாராம். "பெட்ரோல் ஃபுல்லா போட்டிருக்கேன். இரட்டையரைக் கேட்டேன்னு சொல்லு." மேம்பாலத்துப் படிக்கட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டார். தடுக்கத் தோன்றவில்லை என்றான் குட்டை. ஆறடிக்கு மேல் உயரம், தடுக்கத் தோன்றவில்லை.

பின் இருக்கையில் ஒரு துணிக்கடைப் பை கிடந்தது. அதில் புதுச் சட்டைகள், கவுன்கள், ஒரு ஜோடி செருப்பு. எல்லாம் விலைச்சீட்டோடு. நாலு வயதுக் குழந்தைக்குப் பொருந்துகிற அளவு.

அதைச் சொல்லும்போதுதான் குட்டை அழுதான். "அவர் மனசுல அவ வளரவே இல்லை பல்லி."

போலீசார் இரண்டு நாள் கழித்து அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நீதிமன்றம் ஏற்கெனவே அவரைக் குழந்தையின் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருந்தது. ஏன் என்று அவர்கள் மூன்று பேருக்கும் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் ஒரு கை முழங்கையில் சரியாக மடங்காது என்று மட்டும் அலுவலகப் பெண் சொன்னார். கேப்டன் மரியாதையாகப் பேசினாராம். இனிமேல் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாராம். மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குக் குழுவில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. 'எல்லாருக்கும் நன்றி. நல்ல ஆட்டம்.' அவளுக்கு மட்டும் தனியாக இன்னொன்று வந்தது. 'சத்தம் கொடுத்துட்டே. யாருக்காகன்னுதான் புரியலை.' பிறகு குழுவிலிருந்து வெளியேறினார். மாமா தன் மகளின் படங்களையெல்லாம் அழித்தார். குட்டை குழுவையே கலைத்தான். அழித்தால் மட்டும் பார்த்தவர் கண்ணிலிருந்து போய்விடுமா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பயந்த சுபாவக்காரன் இல்லை. "அவனுக்கு வேண்டியது அவன் பொண்டாட்டியும் பிள்ளையும். நம்மகிட்ட அவனுக்கு என்ன?" என்றான். அவளும் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஒரு விடுமுறை நாள் மதியம், தான் அனுப்பியிருந்த படங்கள் அத்தனையையும் வரிசையாகத் திறந்து, யாரோ ஒரு வேற்று ஆள் பார்ப்பதுபோல் பார்த்தாள். பால்கனிக்கு எதிரே மருந்துக்கடையின் பலகை. மகனின் சட்டைப்பையில் பள்ளியின் சின்னம். 'நடக்கிற தூரம்தான்' என்று அவள் கையாலேயே எழுதியது. எட்டு வயதுப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அதற்குப் பல்லி தேவையில்லை.

வாரங்கள் போயின. அந்தப் பெண்ணிடமிருந்தோ அவரிடமிருந்தோ எந்தச் செய்தியும் இல்லை. கடையில் கூட்டம் அதிகமாயிற்று. பயமும் தினசரி வேலைகளில் ஒன்றாகி, அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு காலை மகனைப் பள்ளியில் விடப் போனபோது வகுப்பாசிரியை வாசலில் நிறுத்தினார். நல்ல சிரித்த முகம் அவருக்கு.

"உங்க அண்ணன் நேத்து போன் பண்ணியிருந்தாரே. நீங்க சொல்லவே இல்லை?"

"என்ன அண்ணன்?"

"உங்க அண்ணன்தான். பையன் எப்படிப் படிக்கிறான், சாயங்காலம் எப்ப விடறீங்கன்னு கேட்டாரு. உங்களுக்கு அவசரம்னா தானே வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு. எவ்வளவு மரியாதையாப் பேசறாரு! உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையாச் சொன்னாரு. சின்ன வயசிலேருந்தே உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதாமே."

அவளுக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

தெருவைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளை இறக்கிவிடும் வண்டிகள், ஆட்கள், பைகள், தண்ணீர் பாட்டில்கள். சாலையோரம் நிற்கும் கார்கள். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் வானம் மட்டும்தான் தெரிந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மகன் கையை உதறிக்கொண்டு வகுப்புக்கு ஓடப் பார்த்தான். அவள் விடவில்லை. "அம்மா, வலிக்குது" என்றான். பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, அவனையும் இழுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குள் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, ஃபீஸ் விஷயமா?" என்றார்.

"இல்லை" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகனை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கேப்டனின் மனைவி ஒவ்வொரு புது ஊரிலும், ஒவ்வொரு புதுப் பள்ளியிலும், இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள்.

"என் பையனை யார் வந்து கேட்டாலும் அனுப்பக் கூடாது" என்றாள். "மரியாதையாப் பேசினாலும் அனுப்பக் கூடாது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நேரமாகும்."